ஆய்வுக்கூடத்தில் சட்டம், வீட்டில் சந்தேகம்: ஹைதராபாதில் கினிப் பன்றிக்கு வைத்தியம்

மக்களைச் சோதனை எலிகளாக்குவதா என்ற கேள்வி நாடாளுமன்றத்தின் இரு அவைகளுக்கும் புதிதல்ல. அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்தில் 2009-இல் பழங்குடி மாணவியருக்கு ஹெச்.பி.வி. தடுப்பூசி போடப்பட்ட விவகாரத்தில் அக்கேள்வி உரக்கவே எழுந்தது. சுகாதாரத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2013 ஆகஸ்டில் அளித்த 72-ஆவது அறிக்கை வரை அது சென்றது. தமிழில் நாம் "எலி" என்று சொல்லும் இடத்தில் ஆங்கிலத்தில் பேசும் உறுப்பினர் குறிப்பிடுவது கினிப் பன்றியை. உவமையாக அவைக்கு அடிக்கடி வந்துபோகும் இப்பிராணி, உயிருள்ள ஜீவனாக அங்கே பேசப்படுவது அரிது.

அது பன்றியும் அல்ல. கினி நாட்டிலிருந்து வந்ததும் அல்ல. தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப்பகுதியைப் பூர்விகமாகக் கொண்ட கொறிப்பிராணி. சீமைப் பெருச்சாளி என்றும் தமிழில் வழங்குவதுண்டு. எடை முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோவுக்குச் சற்று மேல்வரை. ஆயுள் ஐந்து முதல் எட்டு ஆண்டுகள். நாய் வளர்க்க இடமில்லாத அடுக்குமாடி வீடுகளில், குழந்தைகளின் வற்புறுத்தலால் கூண்டோடு வந்து சேர்கிறது. பிற பெருநகரங்களைப் போலவே ஹைதராபாதிலும் இதுதான் நிலை.

அதற்கு நோய் வந்தால்தான் சிக்கல். பிற மிருகங்களுக்கு இரையாகும் பிராணி என்பதால் நோயை மறைத்துக்கொள்வது அதன் இயல்பு. தீனியைத் தொடாமல் மூலையில் முடங்கிவிட்டது என்று வீட்டார் கவனிக்கும்போது நோய் முற்றியிருக்கும். முதல் மருத்துவர் ஒன்று சொல்வார். சந்தேகம் தீராமல் போய்ப் பார்க்கும் இரண்டாமவர் அதற்கு நேர்மாறாகச் சொல்வார். இரண்டு சீட்டுகளையும் கையில் வைத்துக்கொண்டு, எதை நம்புவது என்று தெரியாமல் நிற்கிறது குடும்பம். முடிவெடுக்க இருக்கும் அவகாசமோ ஓர் இரவு.

பட்டினியா, ஊட்டுவதா?

வயிற்றுக் கோளாறு என்று வரும் நாயை ஒரு வேளை பட்டினி போடச் சொல்வது வழக்கம். அதே அறிவுரை கினிப் பன்றிக்கும் வழங்கப்படுமானால் அது ஆபத்தாக முடியும். இப்பிராணியால் வாந்தி எடுக்க இயலாது. அதன் குடல் ஓயாமல் இயங்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஏறத்தாழ ஒரு நாள் முழுதும் எதுவும் உண்ணாவிட்டால் குடலியக்கம் நின்றுபோகும். உடல் தன் கொழுப்பையே கரைத்து எரிக்க முற்படும். அது ஈரலில் படிந்து உயிருக்கே உலை வைக்கும். எனவே, அரைத்த புல்லுணவை நீரில் குழைத்து, ஊசியில்லாத சிரிஞ்சு மூலம் சிறிது சிறிதாக, இரவிலும் இடைவெளி விட்டு ஊட்ட வேண்டும் என்று சொல்பவரே பெரும்பாலும் சரியானவர்.

"பெரும்பாலும்" என்று சொல்லக் காரணம் உண்டு. வயிறு காற்றடைத்து உப்பியிருந்தாலோ, முறுக்கிக்கொண்டிருந்தாலோ வலிந்து ஊட்டுவதும் கேடுதான். இரண்டில் எது என்பதை எக்ஸ்-ரே காட்டும். ஆக, மருத்துவர்களுக்கிடையே கருத்து வேறுபாடு என்று நாம் கருதுவது, பல நேரங்களில் எடுக்கப்படாத ஓர் எக்ஸ்-ரே படமாகவே இருக்கக்கூடும்.

பென்சிலின் கதை

இரண்டாவது முரண்பாடு இதைவிடக் கூர்மையானது. சளி, புண், காய்ச்சல் என்று வரும் நாய்க்கும் பூனைக்கும் அமாக்ஸிசிலின் மருந்து தாராளமாக எழுதப்படுகிறது. கினிப் பன்றிக்கோ வாய்வழி அளிக்கப்படும் பென்சிலின் வகை மருந்துகள் நஞ்சுக்குச் சமம். அதன் குடலில் செரிமானத்துக்கு உதவும் நல்ல பாக்டீரியாக்களை அவை அழித்துவிடுகின்றன. அந்த இடத்தில் க்ளாஸ்ட்ரிடியம் இனக் கிருமிகள் பெருகி நச்சைச் சுரக்கின்றன. சில நாள்களில் கழிச்சலும் மரணமும் நேரிடலாம். க்ளிண்டாமைசின், லின்கோமைசின் ஆகியவையும் இதே பட்டியலைச் சேர்ந்தவை. என்ரோஃப்ளாக்ஸசின் போன்ற வேறு மருந்துகள் இதற்கெனப் பயன்படுத்தப்படுகின்றன.

இது அண்மையில் தெரியவந்த செய்தியன்று. 1940 மே மாதம் ஆக்ஸ்போர்டில் ஃப்ளோரியின் குழுவினர் பென்சிலினைச் சோதித்தது சுண்டெலிகளின் மீது. கினிப் பன்றிகளுக்கு அம்மருந்து கொடியது என்பது 1943-லேயே பதிவாகிவிட்டது. முதற்சோதனைக்கு அவர்கள் கினிப் பன்றியைத் தேர்ந்தெடுத்திருந்தால், இந்த மருந்து அன்றே கைவிடப்பட்டிருக்கலாம் என்று மருத்துவ வரலாற்றில் பேசப்படுவதுண்டு. எண்பது ஆண்டுகளுக்கு முன் ஆய்வுக்கூடம் அறிந்துகொண்டதை இன்று தெரு முனை மருத்துவமனை அறியாமலிருப்பது எப்படி? இவ்விவகாரத்தில் கேட்க வேண்டிய கேள்வி அதுவே.

குன்னூரிலிருந்து வந்த அறிவு

அந்தக் கேள்வி ஹைதராபாதில் கூடுதல் அழுத்தம் பெறுகிறது. தார்நாகா பகுதியில் இயங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பிறப்பிடம் நமது நீலகிரி. 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் ராபர்ட் மெக்கரிசன் தொடங்கிய பெரிபெரி ஆய்வே அதன் வித்து. 1958-இல் ஹைதராபாதுக்குப் பெயர்ந்து, 1969-இல் இன்றைய பெயரைப் பெற்றது. சத்துக் குறைபாடு உடலை என்ன செய்கிறது என்பதை அறிய மெக்கரிசன் கினிப் பன்றிகளையும் பயன்படுத்தினார்.

அதற்கும் முன்னர், 1907-இல், நார்வேயைச் சேர்ந்த ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் ஆகிய இருவரும் தானியத்தை மட்டுமே தின்ற கினிப் பன்றிகளுக்கு ஸ்கர்வி நோய் வருவதைக் கண்டனர். மனிதனைப் போலவே இப்பிராணியாலும் வைட்டமின் 'சி' சத்தைத் தன் உடலில் தயாரித்துக்கொள்ள முடியாது. நாயாலும் மாட்டாலும் முடியும். நாயையும் மாட்டையுமே பார்த்துப் பழகிய மருத்துவரின் நினைவுக்கு ஸ்கர்வி எளிதில் வராததில் வியப்பில்லை. இரண்டு, மூன்று வாரங்கள் இச்சத்துக் கிடைக்காவிட்டால் மூட்டு வீங்கும், தொட்டால் அலறும், நடக்க மறுக்கும். இதை வாதம் என்று கருதி ஒருவர் கால்சியம் எழுதித் தரலாம். சிறுநீர்ப்பையில் கல் உண்டாகும் இயல்புடைய இப்பிராணிக்குத் தேவையற்ற கால்சியமே ஒரு சுமை.

ஆரோக்கியமான கினிப் பன்றிக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வரை வைட்டமின் 'சி' தேவை. நோயுற்ற காலத்தில் மருத்துவர்கள் இதைக் கூட்டித் தருவர். கடையில் விற்கும் தீனி உருண்டைகளில் சேர்க்கப்படும் இச்சத்து, மாதக்கணக்கில் மூட்டையிலேயே கிடந்தால் குறைந்துவிடுகிறது. கொய்யாவில் 100 கிராமுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் 'சி' உள்ளது என்று நமக்குச் சொல்வது அதே ஹைதராபாத் நிறுவனத்தின் உணவு அட்டவணைதான். சர்க்கரையும் இருப்பதால் ஒரு சிறு துண்டே போதும்.

அந்நிறுவனத்தின் வளாகத்துக்கு, ஆய்வு விலங்குகளை வளர்த்து வழங்கும் தேசிய அமைப்பும் 1976-இல் வந்து சேர்ந்தது. பின்னர், ஹைதராபாதை அடுத்த ஜீனோம் பள்ளத்தாக்கில் சுமார் ரூ. 338 கோடியில் தேசிய விலங்கு வள மையம் அமைக்க மத்திய அமைச்சரவை 2015-இல் ஒப்புதல் அளித்தது. கினிப் பன்றி என்ன தின்னும், எந்த வெப்பத்தில் துவளும், எந்த மருந்தில் மடியும் என்பதெல்லாம் நன்கு அறிந்த நகரம் இந்தியாவில் ஒன்று உண்டென்றால் அது ஹைதராபாத்தான்.

ருக்மிணி தேவியின் மசோதா

ஆய்வுக்கூடத்தில் இருக்கும் கினிப் பன்றிக்குச் சட்டம் துணை நிற்கிறது. மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல், விலங்கு வதைத் தடுப்புக்கெனத் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அரசே சட்டம் இயற்றும் என்று பிரதமர் நேரு 1954-இல் உறுதியளித்ததன் பேரில் அதைத் திரும்பப் பெற்றார். அதன் விளைவே 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம். 1962-இல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் தலைமையகம், 2018-இல் ஹரியாணாவின் வல்லப்கருக்கு மாற்றப்படும்வரை சென்னையில்தான் இருந்தது.

அச்சட்டத்தின் 15-ஆவது பிரிவின்கீழ் விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்கக் குழு உண்டு. 1990-களின் இறுதியில் மேனகா காந்தி அதன் தலைவராக இருந்தபோது விஞ்ஞானிகளுடன் நடத்திய மோதல்களைத் தில்லி நிருபர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சோதனை நடத்தும் ஒவ்வொரு நிறுவனமும் பதிவு செய்துகொள்ள வேண்டும். அதன் நெறிமுறைக் குழுவில் கால்நடை மருத்துவர் ஒருவர் இருந்தாக வேண்டும். சோதனை முடிந்த விலங்கின் பராமரிப்புக்கும் மறுவாழ்வுக்கும் ஆய்வாளரே பொறுப்பு என்று 2006-இல் விதிகள் திருத்தப்பட்டன.

வீட்டுக் கூண்டில் இருக்கும் கினிப் பன்றியையும் சட்டம் அறவே மறந்துவிடவில்லை. 2018-இல் வெளியான செல்லப் பிராணிக் கடை விதிகள், நாய், பூனை, முயலுடன் கினிப் பன்றியையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகின்றன. மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்யாமல் கடை நடத்தக் கூடாது. ஜல்லிக்கட்டு வழக்கில் 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, தமிழகத்தில் எழுப்பிய கொந்தளிப்பு நினைவிருக்கும். அத்தீர்ப்பில் விலங்குகளுக்குரியவையாகக் கூறப்பட்ட ஐந்து சுதந்திரங்களுள் வலி, காயம், நோயிலிருந்து விடுதலையும் ஒன்று. ஜல்லிக்கட்டுக்கான தமிழக அரசின் சட்டத் திருத்தத்தை 2023-இல் அரசியல் சாசன அமர்வு ஏற்றுக்கொண்டது தனிக் கதை.

ஆனால் நோயிலிருந்து விடுவிக்கப்போகும் மருத்துவருக்கு இப்பிராணியைப் பற்றி யார் கற்றுத் தருவது? அதைப் பற்றி வதைத் தடுப்புச் சட்டத்தில் ஒரு சொல்லும் இல்லை. அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையைப் புரட்டினால் காரணம் விளங்கும். விலங்கு வதைத் தடுப்பு, பொதுப் பட்டியலின் 17-ஆவது இனம். கால்நடை மருத்துவப் பயிற்சியும் தொழிலும் மாநிலப் பட்டியலின் 15-ஆவது இனம். 1984-ஆம் ஆண்டின் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டத்தைக்கூட 252-ஆவது பிரிவின்கீழ், மாநிலங்களின் தீர்மானத்தைப் பெற்றே நாடாளுமன்றம் இயற்ற வேண்டியிருந்தது. மக்களவையில் எவரேனும் இதை எழுப்பினாலும், "இது மாநிலப் பொருள்" என்று அமைச்சர் நழுவிவிட வழி இருக்கிறது.

மாடு முதலில்

மருத்துவர்கள் மீது பழி சுமத்துவது நியாயமாகாது. 2019-ஆம் ஆண்டின் கணக்கெடுப்பின்படி நாட்டில் 53 கோடிக்கும் மேற்பட்ட கால்நடைகள். மாடும் எருமையும் ஆடும் கோழியும் பாடத்திட்டத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்வது நாட்டின் தேவை. நகரத்தில் தொழில் நடத்துபவர் நாய், பூனை வைத்தியத்தை அனுபவத்தில் கற்றுக்கொள்கிறார். ஆண்டுக்கு ஒருமுறை வரும் கினிப் பன்றிக்கு நாயின் மருத்துவத்தையே எடை குறைத்து எழுதுவது, அறியாமையே தவிர அலட்சியமன்று.

அந்த அறியாமை நீங்க அதிகம் செலவாகாது என்பதே இந்த நிருபரின் எண்ணம். தமிழகத்தில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் மாதவரத்தில் ஆய்வு விலங்கு மருத்துவத்துக்கெனத் தனித்துறையே வைத்திருக்கிறது. ஹைதராபாதில் ஒரு பக்கம் தார்நாகா. மறுபக்கம் ராஜேந்திரநகரில் பி.வி. நரசிம்ம ராவ் பெயரிலான கால்நடைப் பல்கலைக்கழகத்தின் கல்லூரி. நடுவே நாராயணகுடாவில் அரசின் உயர் சிறப்புக் கால்நடை மருத்துவமனை. இம்மூன்றையும் இணைத்து, தொழில் செய்யும் மருத்துவர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு நாள் பயிற்சி நடத்துவதற்குச் சட்டத் திருத்தம் எதுவும் தேவையில்லை.

அதுவரை வீட்டார் என்ன செய்வது? மருந்தின் பெயரைக் கேட்டு, அது பென்சிலின் வகையா என்பதை அங்கேயே விசாரிக்க வேண்டும். கினிப் பன்றிக்கு மயக்க மருந்து கொடுத்த அனுபவம் உண்டா என்று கேட்பதை எந்த நல்ல மருத்துவரும் தவறாக எண்ண மாட்டார். அறுவை சிகிச்சைக்கு முன் நாயைப் போல் இரவு முழுதும் பட்டினி போடச் சொன்னால் காரணம் கேட்க வேண்டும். சமையலறைத் தராசில் தினமும் எடை பார்த்துக் குறித்து வைத்தால், அந்தத் தாளை எந்த மருத்துவரிடமும் காட்டலாம். எந்தச் சிகிச்சை பலித்தது என்பதை அதுவே சொல்லும்.

அறிவியல் தெளிவாக விடை தராத இடமும் ஒன்று உண்டு. சிறுநீர்ப்பையில் பெரிய கல், அல்லது நாக்கின் மீது வளைந்து வளர்ந்துவிட்ட கடைவாய்ப் பற்கள் என்று தெரிய வரும்போது, அறுவை சிகிச்சை செய்யலாம் என்பார் ஒருவர். வலியின்றி விடைகொடுத்துவிடுங்கள் என்பார் மற்றொருவர். இப்பிராணிக்கு மயக்க மருந்து நாயைவிட ஆபத்து கூடியது. பிழைத்தாலும் பல் மீண்டும் வளரும். கல் மீண்டும் சேரலாம். இங்கே இரு மருத்துவர்களும் நேர்மையாகவே வேறுபடக்கூடும். வயது, எடை, கடந்த ஒரு வாரத்தில் அது தானாக உண்ட நாள்கள் எத்தனை என்பவற்றை வைத்து வீட்டார்தான் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. அதைத் தீர்மானிக்கும் முன், வலி நிவாரணி தரப்பட்டுவிட்டதா என்பதை இரு மருத்துவர்களிடமும் கேட்டுவிடலாம். அதில் இருவரும் வேறுபட வழியில்லை.