பிழையுள்ள நாணயத்தின் மதிப்பு

'நாணயம்' என்ற சொல்லுக்கு நம் மொழியில் இரண்டு பொருள்கள் உண்டு. ஒன்று, நாம் செலவழிக்கும் காசு. மற்றொன்று, நேர்மை. காசைப் பற்றிய இக்கட்டுரையில் இரண்டும் வரும்.

சென்ற கோடை விடுமுறையில் என் பாட்டிக்குக் காய்கறிக் கடையில் சில்லறையாக ஓர் ஒரு ரூபாய்க் காசு கிடைத்தது. அதில் உருவமும் எழுத்தும் ஒருபுறமாக ஒதுங்கி, மறுபுறம் பிறை நிலவின் வடிவில் வெறுமையாக இருந்தது. பக்கத்து வீட்டு அண்ணன் அதைக் கைப்பேசியில் படமெடுத்து யாருக்கோ அனுப்பினார். மறுநாளே ஒருவர் பேசினார். "அம்மா, இந்தக் காசு மூன்று லட்சம் பெறும். பதிவுக் கட்டணம் இரண்டாயிரம் மட்டும் முதலில் அனுப்புங்கள்" என்றார். மருந்துக்கென்று வைத்திருந்த பணத்தை அனுப்பப் பாட்டி துணிந்துவிட்டார். நல்ல வேளையாக அப்பா வந்து தடுத்தார். பிழையுள்ள காசின் மதிப்பை எப்படி அறிவது என்ற கேள்வி அன்றுதான் என்னுள் எழுந்தது.

இதற்கு விடை காண, காசு உருவாகும் விதத்தை முதலில் அறிய வேண்டும். நம் நாட்டில் மும்பை, கொல்கத்தா, ஐதராபாத், நொய்டா ஆகிய நான்கு இடங்களில் அரசின் நாணயச் சாலைகள் உள்ளன. நீண்ட உலோகத் தகட்டிலிருந்து வட்ட வில்லைகள் வெட்டப்படுகின்றன. அவற்றைச் சூடேற்றி மென்மையாக்கிக் கழுவி, விளிம்பைச் சற்று உயர்த்துகிறார்கள். பின்னர் வில்லையை ஒரு வளையத்துக்குள் வைத்து, மேலும் கீழுமாக இரண்டு அச்சுகளால் அழுத்துகிறார்கள். ஒரே அழுத்தில் 'பூ'வும் 'தலை'யும் பதிந்துவிடுகின்றன.

இவற்றுள் எந்தப் படி தவறினாலும் அதற்கேற்ற பிழை காசில் தோன்றும். வில்லை வளையத்துள் சரியாக அமராவிட்டால் உருவம் ஒதுங்கும். தகட்டில் முன்பே வெட்டிய இடத்தின் மேல் மறுபடியும் வெட்டு விழுந்தால், கடித்த அப்பளம் போல் காசின் ஓரம் குறையும். அச்சடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்த வில்லையில் அதன் உருவம் இடவலம் மாறிப் பள்ளமாகப் பதியும்.

இனி, மதிப்பை அறிய நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும்.

முதலாவது, பிழை நாணயச் சாலையில் நேர்ந்ததா, வெளியில் நேர்ந்ததா? தண்டவாளத்தில் நசுங்கிய காசும், அரத்தால் ராவிய காசும் பிழைக் காசுகள் அல்ல, பழுதான காசுகளே. இங்கே தராசு நமக்கு உதவும். 2011-ல் வந்த வடிவமைப்பிலுள்ள ஒரு ரூபாய்க் காசின் எடை 3.79 கிராம். உருவம் ஒதுங்கிய காசில் உலோகம் குறைவதில்லை; ஆதலால் எடையும் குறையாது. ஓரம் குறைந்த காசின் எடை குறையும். ஆனால் அது உண்மைப் பிழையாயின், குறைந்த இடத்துக்கு நேர் எதிரேயுள்ள விளிம்பும் பெரும்பாலும் மங்கியிருக்கும். விளிம்பை உயர்த்தும்போது அவ்விடத்துக்கு எதிர் அழுத்தம் கிடைக்காததே இதற்குக் காரணம்.

இரண்டாவது, பிழை எவ்வளவு அரிது? அச்சில் விழுந்த சிறு விரிசல் ஆயிரக்கணக்கான காசுகளில் பதியக்கூடும். அதற்கு அதிக விலை இராது. மூன்றாவது, காசின் நிலை என்ன? ஆண்டும், நாணயச் சாலையின் குறியும் தெரிந்தால் மதிப்புக் கூடும். புளி போட்டுத் தேய்த்தால் மதிப்புக் குறையும். நான்காவது, அதை விரும்பி வாங்குவோர் உண்டா? வாங்குவோர் இல்லாவிடில் அரிய பொருளுக்கும் விலையில்லை.

இக்கேள்விகளின் பயனை அமெரிக்க நாட்டு வரலாறு ஒன்று நன்கு விளக்கும். இரண்டாம் உலகப் போரின்போது செம்பு போர்த்தளவாடங்களுக்குத் தேவைப்பட்டது. எனவே 1943-ல் ஒரு சென்ட் காசுகளைத் துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தார்கள். மீந்திருந்த செம்பு வில்லைகள் மிகச் சில அவற்றோடு கலந்து அச்சாகிவிட்டன. 1947-ல் பிட்ஸ்ஃபீல்டு நகரில் பதினாறு வயது மாணவன் ஒருவனுக்குப் பள்ளி உணவகத்தில் சில்லறையாக அப்படியொரு காசு கிடைத்தது. அதைக் கொடுத்தால் ஃபோர்டு நிறுவனம் புதிய கார் தருமாம் என்று ஊரில் பேச்சு. விசாரித்தான், வெறும் வதந்தி. கருவூலத் துறையோ, அந்த ஆண்டில் செம்புக் காசே அடிக்கவில்லை என்றது. அவன் காசைப் பத்திரமாக வைத்துக்கொண்டான். அது உண்மையானது என்று பின்னர் உறுதிப்பட்டது. அவர் முதுமையில் காலமான பின், 2019 ஜனவரியில் அக்காசு 2,04,000 டாலருக்கு ஏலம் போயிற்று.

அவ்வகைக் காசுக்குப் போலிகளும் ஏராளம். எஃகுக் காசுக்குச் செம்பு முலாம் பூசினார்கள். காந்தம் அதைக் காட்டிக்கொடுத்தது. 1948-ஆம் ஆண்டுக் காசில் 8-ஐச் செதுக்கி 3 ஆக்கினார்கள். உருப்பெருக்காடியில் அதுவும் வெளிப்பட்டது.

பாட்டியின் காசுக்கு வருவோம். நகைக் கடைத் தராசில் அதன் எடை 3.79 கிராம். ஆண்டின் கீழ் ஐதராபாத்தின் நட்சத்திரக் குறி தெரிந்தது. நாணயம் சேகரிக்கும் பெரியவர் ஒருவர் பார்த்துவிட்டு, "உண்மையான பிழைதான். சில நூறு ரூபாய் பெறும், லட்சங்கள் பெறாது" என்றார். பழைய காசுகளுக்குப் பெருந்தொகை தருவதாகச் சொல்லி, தன் பெயரால் கட்டணம் கேட்போரை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியும் 2021-ல் எச்சரித்துள்ளது. வாங்குபவர்தானே பணம் தர வேண்டும்? விற்பவரிடம் முன்பணம் கேட்பது எந்த ஊர் வியாபாரம்?

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். தோழியரே, விசித்திரமான காசு கிடைத்தால் நிறுத்துப் பாருங்கள், உற்றுப் பாருங்கள், அறிந்தவரிடம் கேளுங்கள். அதை வாங்க வருபவரிடம் நாணயம் உண்டா என்பதையும் மறவாமல் பாருங்கள். பாட்டியின் காசு இப்போது என் பேனாப் பெட்டியில் இருக்கிறது. அவருடைய இரண்டாயிரம் ரூபாய் மருந்தாகிவிட்டது.