பெரிய கப்பல் போகாத நீர்வழி

நார்வேயில் ஃப்ளாம் என்றொரு சின்ன ஊர். உல்லாசக் கப்பலில் போகிறவர்கள் பலர் அங்கே ஒரு பகல் இறங்குவார்கள். ஆனால் பக்கத்திலேயே இருக்கும் பேரழகை அந்தப் பெரிய கப்பல்கள் பொதுவாக எட்டிக்கூடப் பார்ப்பதில்லை, ஏன் தெரியுமா?

இடம் அவ்வளவு குறுகல்! நேரோய் ஃபியோர்ட் என்று பெயர். பனியாறுகள் காலங்காலமாக அரித்த பள்ளத்தாக்கில் கடல் புகுந்து உண்டானது. ஓரிடத்தில் கரைக்குக் கரை கால் கிலோமீட்டர்தான். இருபுறமும் மலை செங்குத்தாக நிற்கும். யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம் இது.

அதற்குள் போக, ஃப்ளாமிலிருந்து மின்சாரப் படகு இருக்கிறது. பேட்டரியில் ஓடுவதால் எஞ்சின் இரைச்சல் கிடையாது. அருவி பாறையில் மோதி விழும் ஓசை மேல்தளம் வரைக்கும் கேட்கும். கோடையானாலும் காற்று சில்லென்று அடிக்கும், ஸ்வெட்டர் கட்டாயம். வழியில் உன்ட்ரெடால் கிராமம் தெரியும். ஆட்டுப்பாலில் செய்யும் பழுப்பு நிறச் சீஸுக்குப் பேர்போன ஊர்.

ஃபியோர்டின் மறுமுனையில் இருக்கும் குட்வாங்கன் என்ற ஊர் வரை படகில் போக சுமார் இரண்டு மணி நேரம். திரும்பி வருவதற்கும் படகா? வேண்டாம். மலையைக் குடைந்த சுரங்கப் பாதை வழியே பேருந்தில் ஏறினால் அரை மணிக்குள் ஃப்ளாம் வந்துவிடலாம். காலைப் படகுக்கே டிக்கெட் எடுத்துவிடுங்கள். சாயங்காலம் கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது!