மாடியில் ஒரு வானிலைக் கணக்கு

2005 ஜூலை 26, 27 தேதிகளில், 24 மணி நேரத்தில் மும்பை சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவானது. அதே நகரின் தென்முனையில் உள்ள கொலாபாவில் பதிவானதோ ஏறத்தாழ 73 மில்லிமீட்டர். ஒரு நகருக்குள்ளேயே இத்தனை வேறுபாடு உண்டெனில், நம் வீட்டு மாடியின் நிலையை அறிய அங்கேயே ஒரு கருவி இருப்பது நலம். சூரிய ஒளியில் இயங்கி, கம்பியின்றித் தகவல் அனுப்பும் கருவியை நாமே அமைத்துக்கொள்ளலாம்.

தேவையானவை சிலவே: வெப்பநிலை, ஈரப்பதம், காற்றழுத்தம் ஆகியவற்றை அளக்கும் பிஎம்இ280 உணரி, வைஃபை வசதி கொண்ட இஎஸ்பி32 மின்னணுப் பலகை, 1 வாட் சூரியத் தகடு, லித்தியம் பேட்டரி, அது அளவுக்கு மீறி மின்னேற்றம் பெறாமல் தடுக்கும் சிறு மின்சுற்று. மழையை அளக்க, நீர் நிறைந்ததும் சாயும் சிறு வாளி கொண்ட மழைமானியையும் இணைக்கலாம். வாளி எத்தனை முறை சாய்ந்தது என்பதைக் கருவி எண்ணிக்கொள்ளும்.

இவற்றை இணைப்பது எளிது. மின்சாரத்தின் வரவு செலவைச் சரிக்கட்டுவதே முக்கியம். விழித்திருக்கும்போது கருவி சராசரியாக 100 மில்லி ஆம்பியர் எடுக்கிறது எனக் கொள்வோம். இடைவிடாது இயங்கினால், 2,000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி 20 மணி நேரத்தில் தீர்ந்துவிடும். 15 நிமிடங்களுக்கு ஒருமுறை 5 விநாடி மட்டும் விழிக்கச் செய்தால், நாள் முழுவதற்கும் விழிப்பு 8 நிமிடங்களே. செலவு ஏறத்தாழ 13 மில்லி ஆம்பியர்-மணி. சிறு கசிவுகளையும் கவனிக்க வேண்டும். பலகையில் 1 மில்லி ஆம்பியரில் ஓயாது எரியும் அடையாள விளக்கு நாளொன்றுக்கு 24 மில்லி ஆம்பியர்-மணியை எடுத்துக்கொள்ளும். கருவியின் உழைப்பைவிட அந்த விளக்குக்கே செலவு அதிகம்! அதை நீக்கிவிடுவதே நன்று.

அடுத்தது இடம். தகட்டுக்கு வெயில் வேண்டும்; உணரிக்கு நிழல் வேண்டும். வெயில் நேரே பட்டால் காற்றின் வெப்பத்தை அல்ல, கருவியின் வெப்பத்தையே அது காட்டும். கவிழ்த்த வெண்ணிறத் தட்டுகளை இடைவெளிவிட்டு அடுக்கி, அதற்குள் உணரியைப் பொருத்தினால் காற்றும் புகும், நிழலும் கிடைக்கும். 45 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் லித்தியம் பேட்டரியை மின்னேற்றுவது தீங்கானது. ஆதலால் பேட்டரியையும் நிழலிலேயே வைப்போம்.

மழைக்காலத்தில் பல நாள்கள் சூரியன் முகம் காட்டாது. அளவுகள் மிகவும் தேவைப்படும் அந்நாள்களில்தான் கருவியின் வரவு குறைகிறது. அப்போது கைகொடுப்பது சேமிப்பு மட்டுமே. எனவே பருவமழைக்கு முன்பே தகட்டைத் துணியால் மூடி, ஒரு வாரம் கருவி தளராமல் இயங்குகிறதா எனச் சோதித்துக்கொள்வோம்.