காலரில் இருந்த வாடை

டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், அவசரமில்லை.

ஸ்காட்லாந்தின் பெர்த் நகரில் ஜாய் மில்ன் என்றொரு நர்ஸ். கணவர் லெஸ், டாக்டர். அவருக்கு முப்பது வயது தாண்டியதும் உடம்பில் புதிதாக ஒரு வாடை. சரியாகக் குளிப்பதில்லை என்று ஜாய் கடிந்துகொண்டார். பல வருடம் கழித்து, லெஸ்ஸின் 45 வயதில், பார்க்கின்சன் நோய் என்று தெரிந்தது. பிறகு நோயாளிகள் கூடும் ஓர் இடத்துக்குப் போனால், அங்கேயும் அதே வாடை!

எடின்பரோ பல்கலைக்கழகத்தின் டிலோ குனத் இதைச் சோதித்தார். நோய் உள்ள 6 பேர், இல்லாத 6 பேர் போட்டுக் கழற்றிய டி-ஷர்ட்டுகளை மோந்து பார்க்கச் சொன்னார். நோயாளிகள் ஆறு பேரையும் ஜாய் சரியாகச் சொன்னார். நோயில்லாத ஒருவரையும் சேர்த்துச் சொன்னார். தப்பு ஒன்று என்று குறித்துக்கொண்டார்கள். எட்டு மாதத்தில் அந்த ஒருவருக்கும் பார்க்கின்சன் உறுதியானது.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது வாடை இருந்த இடம். அக்குளில் இல்லை, காலரில், மேல்முதுகில். அப்படியானால் வியர்வையின் வேலை அல்ல, தோலில் ஊறும் எண்ணெயின் வேலை. இந்த நோயில் முகம் பிசுபிசுப்பது டாக்டர்கள் வெகுகாலமாக அறிந்ததுதான். எண்ணெய் கூடுகிறது என்பதோடு, அதில் கலந்திருக்கும் பொருள்களும் மாறுகின்றன.

அந்த மாற்றத்தைக் கருவிக்குப் புரியவைத்தவர் மான்செஸ்டர் பல்கலைக்கழக வேதியியலாளர் பெர்டிட்டா பாரன். ஹிப்பூரிக் அமிலம் போன்ற சில பொருள்களின் அளவு மாறுவதை அவர் குழு 2019இல் காட்டியது. 2022இல் இன்னும் எளிதாக்கினார்கள். மேல்முதுகைப் பஞ்சால் துடைத்து, பஜ்ஜி எண்ணெயைப் பேப்பரில் ஒற்றுகிற மாதிரி வடிதாளில் ஒற்றி, மூலக்கூறுகளை எடைபோடும் கருவியில் வைத்தால் சில நிமிடங்களில் விடை.

இந்த நோயில் கை நடுங்கத் தொடங்கும் நாளில், டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் மூளைச் செல்களில் பெரும்பங்கு ஏற்கெனவே போயிருக்கும். நோயை நிறுத்தும் மருந்தைத் தேடுகிறவர்களுக்கு, அந்தச் செல்கள் மிச்சமிருக்கும்போதே நோயாளி கிடைக்க வேண்டும். அதனால்தான் இந்தப் பஞ்சுத் துடைப்பின் மேல் எனக்கு இத்தனை நம்பிக்கை.

இது ஆஸ்பத்திரிக்கு வரும்வரை வீட்டுப் பெரியவர்களைக் கொஞ்சம் கவனியுங்கள். காபி மணம் தெரியவில்லை, நடக்கும்போது ஒரு கை வீசவில்லை, கையெழுத்து சிறுத்துப்போகிறது என்றால், வயசாகிவிட்டது என்று விட்டுவிடாமல் நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.