கேட்டவருக்கெல்லாம் இலக்கம் சொல்லலாமா?

இடம்பெயர்ந்து வாழும் குடும்பங்களுக்குப் படிவம் நிரப்புவது புதிதல்ல. 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியவர்களும், 2009இல் வன்னியிலிருந்து முகாம்களுக்கு வந்தவர்களும் நிவாரணம், வீட்டுத்திட்டம், காணி என்று எத்தனையோ தடவை பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் கொடுத்துவிட்டார்கள். கோப்புடன் வருபவர் கேட்டால் சொல்லவேண்டும், சொல்லாவிட்டால் பட்டியலில் பெயர் விடுபட்டுப்போகும் என்ற பயம் நமக்குள் ஊறிவிட்டது. இந்தப் பயமே இன்று மோசடிக்காரரின் முதலீடு.

எப்படி ஏமாற்றுகிறார்கள்?

2023 முதல் அஸ்வெசும கொடுப்பனவு வங்கிக் கணக்குக்கு வருகிறது. வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் அனுப்பும் பணமும் பெரும்பாலும் அப்படியே. ஒருநாள் தொலைபேசி அழைப்பு வரும். “உங்களுக்கு உதவிப் பணம் வந்திருக்கிறது. இன்றைக்குள் பதியாவிட்டால் திரும்பிப் போய்விடும்” என்பார் ஒருவர். அடையாள அட்டை இலக்கத்தையும் கணக்கு இலக்கத்தையும் கேட்பார். சிறிது நேரத்தில் உங்கள் கைத்தொலைபேசிக்குக் குறுஞ்செய்தியாக ஓர் இலக்கம் வரும். “அதையும் வாசியுங்கள்” என்பார்.

அந்த இலக்கம்தான் திறப்பு. உங்கள் கணக்கைத் தொலைபேசி மூலம் இயக்குவது நீங்கள்தானா என்று உறுதிசெய்ய வங்கி அனுப்புவது அது. அதை வாசித்துக் காட்டினால், நெற்களஞ்சியத் திறப்பைக் கள்ளனின் கையில் கொடுத்தது போலாகும்.

அடையாள அட்டையில் மறைந்திருப்பது

பழைய அட்டையின் ஒன்பது இலக்கங்களில் முதல் இரண்டும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்படும். 65532 என்று தொடங்கினால், 1965ஆம் ஆண்டு பெப்ரவரி 1ஆம் திகதி பிறந்த பெண் என்று அறியலாம். 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்க அட்டையிலும் இதே முறைதான். ஆண்டு மட்டும் முழுமையாக இருக்கும். ஆகவே “உங்கள் பிறந்த திகதியைச் சரியாகச் சொன்னாரே, அரசாங்க ஆள்தான்” என்று நம்பிவிடாதீர்கள்.

நாம் செய்யவேண்டியவை

1. குறுஞ்செய்தியில் வரும் இலக்கத்தையும் வங்கி அட்டையின் இரகசிய இலக்கத்தையும் எவருக்கும் சொல்லவேண்டாம். உண்மையான வங்கி அவற்றைக் கேட்காது.

2. அவசரப்படுத்தினால் தொலைபேசியை வைத்துவிடுங்கள். கிராம அலுவலரிடமோ பிரதேச செயலகத்திலோ வங்கியிலோ நேரில் விசாரியுங்கள். உண்மையான உதவி அரைநாளில் ஓடிப்போகாது.

3. முன்பின் தெரியாதவர் அனுப்பும் இணைப்புகளைத் தொடவேண்டாம். பரிசுப் பொதிக்குச் சுங்கப் பணம், வெளிநாட்டு வேலைக்கு முற்பணம் என்பவையும் இதே வலைதான்.

4. அடையாள அட்டைப் பிரதி கொடுக்கும்போது, எந்த அலுவலகத்துக்கு, எதற்காக, எந்தத் திகதியில் என்பதைப் பிரதியின் குறுக்கே எழுதிக் கொடுங்கள். வேறு தேவைக்குப் பயன்படுத்துவது கடினமாகும். பழுதான பிரதிகளைக் கிழித்து எரியுங்கள்.

5. உங்கள் பெயரில் சிம் அட்டை எடுத்துக் கொடுக்கவேண்டாம். “உங்கள் கணக்கில் பணம் போடுகிறோம், எடுத்துத் தந்தால் பங்கு தருவோம்” என்பவருக்கும் இணங்கவேண்டாம். களவுப் பணமாயின் பொலிசார் முதலில் தேடி வருவது கணக்குக்காரரையே.

ஏமாந்துவிட்டால்

ஒரு நிமிடமும் தாமதிக்காமல் வங்கிக்கு அறிவித்துக் கணக்கை நிறுத்துங்கள். வங்கியின் தொலைபேசி இலக்கத்தை இன்றே ஒரு தாளில் எழிதிச் சுவரில் ஒட்டிவையுங்கள். வந்த குறுஞ்செய்தியை அழிக்காமல் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்யுங்கள்.

வெட்கத்தால் பலர் வாய்திறப்பதில்லை. அந்த மௌனம் அடுத்த வீட்டாரையும் அதே வலையில் விழுத்தும். ஏமாந்தவரைப் பழிக்காமல், மாதர் சங்கத்திலும் கமக்காரர் அமைப்பிலும் பூசை முடிந்த பின்னரும் இதைப் பற்றிப் பேசுங்கள். வாசிக்கத் தெரியாத முதியவர்களுக்கு வீட்டுப் பிள்ளைகள் எடுத்துச் சொல்லட்டும். காணியையும் வீட்டையும் இழந்து மறுபடி சேர்த்த சிறு பணம் இது. அதைக் காப்பது நம் எல்லோருடைய பொறுப்பு.