இரண்டு ‘மூவர்’, ஒரே சிறை

கலசப்பாக்கம் டீக்கடையில் பேப்பர் படிக்கிற யாரும் ஒரு வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்ற வாக்கியம்: “இவனையெல்லாம் தூக்குல போடணும்.” நான் தூக்குத் தண்டனை வேண்டாம்னு நினைக்கிற ஆள். அதனால அந்த நேரத்துல டீயை மட்டும் பாத்துக்கிட்டு இருப்பேன். ஒரு தனி ஆள் அப்படி நழுவலாம். மாநிலம் முழுக்க இதற்காகவே இயங்குற ஒரு அமைப்பு நழுவ முடியுமா? இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

எங்க ஊருக்கு மேற்கே ஜவ்வாது மலை. மலைக்கு அந்தப் பக்கம் ஜோலார்பேட்டை, பேரறிவாளனின் ஊர். இங்கிருந்து போளூர் வழியாக வடக்கே பஸ் ஏறினால் வேலூர். அங்கே தொரப்பாடியில் மத்திய சிறை. தமிழ்நாட்டில் மரண தண்டனை எதிர்ப்பு என்றாலே முதலில் நினைவுக்கு வருவது அந்தச் சிறைதான்.

1998 ஜனவரி 28. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பூந்தமல்லி தடா நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. ஒருவர் மிச்சமில்லை. பழ. நெடுமாறன் தலைமையில் 26 பேர் உயிரைக் காக்க ஒரு குழு உருவானது. இங்கே கவனிக்க வேண்டியது, ஊர்வலத்தை விட அந்தக் குழு வழக்கு நடத்தியதுதான் பெரிய வேலை. பணம் திரட்டி, மூத்த வழக்கறிஞர்களை வைத்து, உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீட்டை நடத்தினார்கள். 1999 மே 11-ல் தீர்ப்பு வந்தது: 19 பேர் விடுதலை, மூன்று பேருக்கு ஆயுள், நான்கு பேருக்குத் தூக்கு. நின்று யோசித்தால் பயமா இருக்கு. முதல் தீர்ப்போட எல்லாம் முடிஞ்சிருந்தா அந்தப் பத்தொன்பது பேர்?

அடுத்த கட்டம் கருணை மனு. ஆளுநருக்கு அரசியலமைப்பின் 161-வது பிரிவு, குடியரசுத் தலைவருக்கு 72-வது பிரிவு. நால்வரின் மனுக்களையும் ஆளுநர் அமைச்சரவையைக் கேட்காமலே நிராகரித்தார். அது செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 1999 நவம்பரில் சொன்னது. பிறகு அமைச்சரவை பரிந்துரைத்து 2000-ல் நளினிக்கு மட்டும் ஆயுளாகக் குறைந்தது. பேரறிவாளன், சாந்தன், முருகன் மூவரின் மனுவும் டெல்லியில் பதினோரு ஆண்டு தூங்கியது. 2011 ஆகஸ்டில் நிராகரிப்பு, செப்டம்பர் 9 தூக்கு நாள்.

அந்த ஆகஸ்ட் மாதத்தை மறக்க முடியாது. பல ஊர்களில் உண்ணாவிரதம், மறியல். அற்புதம்மாள் மேடை மேடையாக ஏறினார். காஞ்சிபுரத்தில் செங்கொடி தீக்குளித்து இறந்தார். ஆகஸ்ட் 30 அன்று உயர் நீதிமன்றம் எட்டு வாரத் தடை கொடுத்தது, அதே நாளில் சட்டமன்றமும் தண்டனையைக் குறைக்கக் கோரித் தீர்மானம் போட்டது. (செங்கொடியின் மரணத்தைப் போற்றிப் பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. உயிர் போகக்கூடாதுன்னு நடக்கிற போராட்டம் ஒரு உயிர் போனதைப் பெருமையாச் சொல்லக்கூடாது.)

2014 பிப்ரவரி 18-ல் மூவரின் தூக்கும் ஆயுளானது. கருணை மனுவைக் காரணமில்லாமல் இழுத்தடித்தால் தண்டனையைக் குறைக்கலாம் என்று அதற்கு ஒரு மாதம் முன்னால் சத்ருகன் சௌகான் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. இதற்கிடையில் 2013-ல், வாக்குமூலம் பதிவு செய்த சிபிஐ அதிகாரி தியாகராஜனே, பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது எனப் பேரறிவாளன் சொன்னதைத் தான் எழுதாமல் விட்டதாக ஒப்புக்கொண்டார்.

இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை. இதே வேலூர் சிறையில் அப்போது தூக்கை எதிர்பார்த்து வேறு மூவரும் இருந்தார்கள். அவர்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

2000 பிப்ரவரி 2. ஜெயலலிதாவுக்கு ஒரு வழக்கில் தண்டனை வந்த நாள். தருமபுரி இலக்கியம்பட்டியில் வேளாண் பல்கலைக்கழகப் பேருந்துக்குத் தீ வைத்தார்கள். மூன்று மாணவிகள் உள்ளேயே கருகிப் போனார்கள். அதிமுகவினர் மூவருக்குச் சேலம் நீதிமன்றம் 2007-ல் தூக்கு விதித்தது. உச்ச நீதிமன்றம் 2010 ஆகஸ்டில் உறுதி செய்தது. இவர்களுக்காக எத்தனை ஊரில் உண்ணாவிரதம் நடந்தது? எனக்குத் தெரிந்து நம்ம பக்கத்துல யாரும் பந்தல் போடலை. ‘மூவர் உயிர்’ என்று கோஷம் போட்ட பலரும் அந்த மூவரை எண்ணிக்கையிலேயே சேர்க்கவில்லை. நானும்தான்.

காரணம் புரியாமல் இல்லை. ஒரு பக்கம் இனம், ஈழம், ஒரு தாயின் கண்ணீர். இன்னொரு பக்கம் ஒரு பாவமும் அறியாத மூன்று பெண்பிள்ளைகள். ஆனால் “நிரபராதி” என்பதோ “தமிழர்” என்பதோ காரணமானால், அது ஒரு வழக்குக்கான இயக்கம். அப்படி ஒரு இயக்கம் தேவைதான், தப்பே இல்லை. மரண தண்டனை ஒழிப்பு அமைப்பு என்று பெயர்ப்பலகை மாட்டினால் மட்டும் கணக்கு மாறிவிடுகிறது. குற்றம் செய்தவனுக்காகவும் நிற்க வேண்டும். 2016-ல் உச்ச நீதிமன்றம், கும்பல் வெறியில் நடந்தது என்று காரணம் சொல்லி அந்த மூவருக்கும் ஆயுளாகக் குறைத்தது. 2018-ல் அரசு விடுதலை செய்தபோது மாணவிகளின் பெற்றோர் கொதித்தார்கள். அந்தப் பெற்றோர் முன்னால் போய் உட்கார்ந்து, “உங்க கோபம் நியாயம், ஆனாலும் தூக்கு வேண்டாம்” என்று சொல்லத் தெரிய வேண்டும். எனக்கு இன்னும் தெரியலை.

வெறுக்கப்படுகிறவனின் வழக்கில்தான் யாரும் கவனமாகப் பார்ப்பதில்லை என்பது வேறு விஷயம். 2017-ல் சென்னை முகலிவாக்கத்தில் ஒரு சிறுமி கொல்லப்பட்ட வழக்கை எடுங்கள். மாநிலமே தூக்கு கேட்டது. 2018-ல் செங்கல்பட்டு நீதிமன்றம் கொடுத்தது, உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், குற்றம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கப்படவில்லை என்று விடுதலை செய்தது. அந்தத் தீர்ப்பை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் விருப்பம். ஆனால் 2018-லேயே தூக்கில் போட்டிருந்தால் இந்தத் தீர்ப்பை எழுதவே இடமிருந்திருக்காது.

அப்ப ஒரு அமைப்பு எங்கே வேலையைத் தொடங்கணும்? என் பதில்: மாவட்ட செஷன்ஸ் நீதிமன்றத்தில். குற்றவாளி என்று சொன்ன பிறகு, தண்டனை என்ன என்பதற்குத் தனி விசாரணை உண்டு. பல வழக்குகளில் அது ஒரே நாளில், “வயசான அம்மா இருக்காங்க” என்ற ஒரு வரியோடு முடிந்துவிடும். குற்றவாளி வளர்ந்த சூழல், மனநிலை, சிறை நடத்தை பற்றிய அறிக்கைகளை விசாரணை நீதிமன்றமே கேட்டு வாங்க வேண்டும் என்று 2022-ல் மனோஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வாங்குகிறார்களா என்று போய் உட்கார்ந்து பார்க்க ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு ஆள் வேண்டும். இதற்குப் போஸ்டர் ஒட்டத் தேவையில்லை. பொறுமையும் பஸ் காசும் போதும்.

அவசரமும் கூடியிருக்கிறது. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் கருணை மனுவுக்குக் கெடு வைத்திருக்கிறது. மேல்முறையீடு தள்ளுபடியானதைச் சிறைக் கண்காணிப்பாளர் தெரிவித்ததிலிருந்து 30 நாள். ஆளுநர் நிராகரித்தால் குடியரசுத் தலைவருக்கு 60 நாள். மனுவில் போடுவதற்கான பள்ளிச் சான்றிதழையும் மருத்துவச் சீட்டையும் தேட ஆரம்பிக்கும்போதே பாதி நாள் போயிடும்.