உபாகமமும் ஆறுமுக நாவலரும்

குடுபல்லியில் நான் சிறுவனாக இருந்தபோது, சந்தையில் ஒருவர் துண்டுப் பிரசுரம் ஒன்று கொடுத்தார். பலிபீடங்களை இடித்து விக்கிரகங்களை நொறுக்கச் சொல்லும் உபாகமம் 12-ஆம் அதிகாரம். கங்கையம்மன் கோயிலுக்குப் போய்வந்த கையோடு படித்துப் பயந்துபோனேன். இங்கே பிறந்த என் மகள் சென்ற வாரம் அதே அதிகாரத்தைக் காட்டி, "நம்ம சாமியையுமாப்பா?" என்றாள்.

இத்தகைய பழிப்புக்கு முறையாகப் பதில் எழுதியவர் யாழ்ப்பாணம் நல்லூர் ஆறுமுக நாவலர். பெர்சிவல் பாதிரியாருடன் பைபிள் தமிழாக்கத்தில் உழைத்தவர். ஆகவே அதை வரிவரியாக அறிந்தவர். பாதிரிமார் நம் கோயில்களில் பழித்த விளக்கு, தூபம், படையல், தீட்டு எல்லாம் பழைய ஏற்பாட்டில் தேவனே விதித்தவையல்லவா என்று 1854-இல் 'சைவ தூஷண பரிகார'த்தில் கேட்டார். நடையில் காரம் உண்டு. ஆனால் ஆதாரம் அவர்கள் கையிலிருந்த நூலேதான்!

பின்வந்த மேல்நாட்டு ஆய்வாளர் பலர், அந்த அதிகாரத்தைக் கி.மு. 7-ஆம் நூற்றாண்டில் யூதாவை ஆண்ட யோசியா அரசன் காலத்தோடு சேர்த்துப் படிக்கிறார்கள். வழிபாடு எருசலேமில் மட்டுமே நடக்கவேண்டும் என்று அவன் இடித்தவற்றில், சொந்த ஜனங்களின் ஊர்க்கோயில்களே அதிகம் என்று இரண்டாம் இராஜாக்கள் 23-ஆம் அதிகாரத்தில் காணலாம்.

இதை மகளுக்குச் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, "அப்போ அந்த ஊர்க்காரங்க எங்கே போய்க் கும்பிட்டாங்க?" என்றாள்.